சம்பந்தியம்மா கேட்ட நல்ல நேரம்

பிரசவ அறை நர்சம்மா ஓய்வு பெறும் வயதில் இருந்தாள். இன்று கட்டிலில் கிடந்தது அவள் மகள். குழந்தையின் இதயத் துடிப்பு குறைகிறது, உடனே ஆபரேஷன் என்றார் டாக்டர். மாப்பிள்ளையின் அம்மா வாசலை மறித்துக்கொண்டாள்.

“ஜோசியர் குறிச்ச நேரம் வரட்டும் சம்பந்தி. ராஜயோகமாம்!”

“பிள்ளைக்கு மொதல்ல மூச்சு வேணும்.”

“எத்தனை பிள்ளைக்குப் பிறந்த நேரம் எழுதின கை! நீங்களே இப்படிப் பேசலாமா?”

நர்சம்மா சலித்துப்போய்ச் சிரித்தாள். “இந்தச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுதினேன். நான் வேலைக்குச் சேர்ந்ததிலேருந்தே இது வேகமாத்தான் ஓடுது. திருத்தி வச்சாலும் அடங்காது.”

“என் பையனும் இங்கதானே பொறந்தான்?”

“அவன் ஜாதகமும் தப்புதான்.”

“அப்போ பொருத்தம் பார்த்ததெல்லாம்?”

“ரெண்டும் சந்தோஷமாத்தானே இருக்குதுங்க! சேர்த்து வச்சவன் கடிகாரம் பார்க்கல சம்பந்தி. வழி விடுங்க.”

சம்பந்தியம்மா விலகினாள். மகளை ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். நர்சம்மா சுவரோரம் தரையில் உட்கார்ந்து, “இனி உன் பொறுப்பு, கடவுளே” என்றாள்.

உள்ளே குழந்தை வீறிட்டது. எழுந்து போய்ப் பார்க்கத் தெம்பில்லாமல், அவள் அங்கேயே கண்ணை மூடிக் கைகூப்பினாள்.