மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் இட்லி

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரகடத்தில் ஒரு டிபன் கடை வாசலில் ஆறு பெண்கள் நின்றார்கள். நல்ல பசி. ஆனால் உள்ளே வரவில்லை.

காரணம் – அடியேன்.

குன்றத்தூரில் எங்கள் பக்கத்து வீட்டு செல்வி, ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் பதினொரு வருஷம் அசெம்பிளி லைனில் நின்று வேலை பார்த்தவர். வேலையை விட்டுவிட்டு, அதே ரோட்டில் கடை போட்டார். "ஓடலன்னா மறுபடி லைன்தான் சார்" என்றவர், கடையின் உட்புறத்தை எப்படி அமைக்கலாம் என்று என்னிடம் கேட்டார். எனக்கு இன்டீரியர் டிசைன் தெரியும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால் மறுத்ததும் இல்லை...

"ஃபாக்டரி ஏரியா. இண்டஸ்ட்ரியல் தீம்தான் பொருத்தம்!"

ஏதோ பத்திரிகையில் படம் பார்த்த தைரியம். சுவரில் பைப், உட்கார இரும்பு ஸ்டூல், ஜன்னலை மறைத்துப் பெரிய பல்சக்கரப் படம், வாசலையொட்டித் தரையில் பளிச்சென்று ஒரு மஞ்சள் கோடு. படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று செல்வியும் தலையாட்டினார். இந்த நம்பிக்கையால் கெட்டவர்கள்தான் எத்தனை பேர்!

அந்த ஆறு பேரும் ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள். கோட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்கள்.

"உள்ள வாங்கம்மா!"

"இல்லக்கா... சேஃப்டி ஷூவ கழட்டிட்டோம்."

கம்பெனியில் ஷூ இல்லாமல் மஞ்சள் கோட்டைத் தாண்டினால் சூப்பர்வைசர் கத்துவார். கால் தானாக நின்றிருக்கிறது. சொன்ன பெண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற திருநெல்வேலிப் பெண் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, கம்பெனி மாதிரில்லா இருக்கு! சாப்பிடக் கூப்பிடுதியளா, ஓ.டி. பாக்கக் கூப்பிடுதியளா?"

செல்வி என் பக்கம் திரும்பினார். "இத்த பாக்க முடியாமதான் சார் வேலைய வுட்டேன். உங்க பேச்ச கேட்டுகினு அத்தயே கொண்டாந்து சொவத்துல மாட்டிட்டேன்!"

நான் மெனு கார்டைப் படித்தேன். இரண்டு முறை.

"சரி, இன்னா வேணும்னு நீங்களே சொல்லுங்கடி."

"சாயற மாதிரி சேர் போடுக்கா. நாள் பூரா நின்னுகினே கீறோம்."

"அந்தப் படத்த எடுத்துட்டு ஜன்னலத் தொறந்துவுடுக்கா. கம்பெனி உள்ள இருந்தா, வெளிய மழையா வெயிலான்னே தெரியறதில்ல."

ஜன்னலுக்கு வெளியே என்ன வாழ்கிறது? கன்டெய்னர் லாரி, தூசி, கம்பெனி பஸ்... கேட்க வாயெடுத்தேன். அதற்குள் செல்வி ஸ்டூல்மேல் ஏறிப் படத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். மறுநாள் முதுகு சாய்கிற பிளாஸ்டிக் சேர்கள் வந்தன. மஞ்சள் கோட்டை ஒரு நீளமான கால்மிதி மூடியது.

நாள் முழுக்க ஒருவர் பார்த்து அலுத்ததையே அவருக்கு அலங்காரமாகத் தரலாம் என்ற யோசனை, தூர நின்று வேடிக்கை பார்க்கிறவனுக்குத்தானே வரும்?

நேற்று மாலை போனேன். நல்ல மழை. ஜன்னலோரம் ஒரு சேர்கூடக் காலியில்லை. தோசை ஆறுவது தெரியாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இனிமே லைனுக்குப் போற பேச்சே இல்ல சார்!" – மூன்று தட்டுகளோடு ஓடியபடியே செல்வி.

எனக்கு இடம் கிடைக்கவில்லை. நின்றபடியே சாப்பிட்டேன். உட்கார்ந்த இடத்திலிருந்து ஊருக்கு யோசனை சொல்கிற ஆள், மாதத்துக்கு ஒரு வேளையாவது நின்று சாப்பிடுவது நல்லது.