மாமியார் காரின் உதறல்

மேட்டுத் தெருவிலிருந்து இறங்கும்போதுதான் அது ஆரம்பிக்கும். பிரேக்கில் கால் வைத்ததும் ஸ்டியரிங் கைக்குள் கிடந்து உதறும். பெடல் உள்ளங்காலில் துடிக்கும். கதவுக் கண்ணாடிகள் கடகடக்கும். பின் சீட்டிலிருந்து மாமியார், "ஆரம்பிச்சுட்டா" என்பார். காரைச் சொல்கிறாரா, ஓட்டுகிற தன்னைச் சொல்கிறாரா என்று மருமகள் கேட்டதில்லை. கேட்டால் வம்பு.

மாமியார் அந்தக் காரை டாக்ஸியாக ஓட்டியே மகனை ஆளாக்கியவர். முட்டி மடங்க மறுத்த பிறகு சாவியை மருமகளிடம் கொடுத்தார். சாவியைத்தான் கொடுத்தார், காரைக் கொடுக்கவில்லை. யார் ஓட்டினாலும் கியர் எப்போது மாற்ற வேண்டும் என்பதைப் பின்னாலிருந்து அவர்தான் சொல்வார்.

மருமகளுக்கு வேலை, பம்பு செய்யும் ஒரு தொழிற்சாலையில், இரும்பைச் சுழலவிட்டுக் கடையும் லேத் இயந்திரத்தில். கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் கேலியாக 'லேத்து' என்று கூப்பிட்டார். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. புருஷன்கூட அப்படித்தான் கூப்பிடுவான்.

உதறல் வந்ததும் முதலில் மெக்கானிக்கிடம்தான் போனார்கள். சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்குள் அழுந்திக் காரை நிறுத்தும் பிரேக் ஷூக்களை அவர் புதிதாக மாற்றினார். உதறல் போகவில்லை. "டிரம்மு தேஞ்சு கோணலாயிருக்கும்மா. கடைஞ்சா சரியாயிடும்" என்றார். கடைவதற்கு வெளியே போவானேன்? லேத்து முன்சக்கர டிரம் இரண்டையும் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய், சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, சாப்பாட்டு வேளையில் தானே கடைந்தாள். உள்பக்கம் கண்ணாடி மாதிரி வந்தது. மெக்கானிக் மாட்டிக் கொடுத்தார். மேட்டுத் தெருவில் இறங்கினாள். கார் முன்னைவிட அதிகமாக உதறியது.

பின் சீட்டில் மாமியார் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

மெக்கானிக் கையை விரித்துவிட்டார். "பழைய காலத்து டிரம் பிரேக்கும்மா இது. கழட்டிப் போட்டுட்டு டிஸ்க்கு மாத்திடுங்க. நிம்மதியா இருக்கலாம்."

"உனக்கு முட்டி வலிச்சா காலை மாத்திக்குவியா?" என்றார் மாமியார். மெக்கானிக் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் புருஷன் மெதுவாகப் பேச்செடுத்தான். "விடேன். மெக்கானிக்கே கையைத் தூக்கிட்டாரு."

"நான் கடைஞ்ச டிரம்முங்க அது. தப்பு என்னோடதா இருந்தா அதை மொதல்ல தெரிஞ்சுக்கணும்."

இன்னொருத்தியாக இருந்தால் மெக்கானிக் மாட்டியது சரியில்லை என்று பழியைத் தள்ளிவிட்டிருப்பாள். இவள் சந்தேகத்தைத் தன் கையிலிருந்தே ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெறிச்சோடிக் கிடந்த தெருவில் காரை மெதுவாக ஓட்டி, பெடலைத் தொடாமல் ஹேண்ட் பிரேக்கை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பார்த்தாள். அது பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். கார் சமர்த்தாக நின்றது. ஆக, கோளாறு முன்னால்தான்.

வாசலில் காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, முன்சக்கரங்களைக் கழற்றினாள். மாமியார் நாற்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார். இந்த முறை டிரம்மோடு, அது உட்காரும் ஹப்பையும் கழற்றி எடுத்தாள்.

"அது எதுக்கு? அதுல என்ன இருக்கு?"

"தெரியலை அத்தை. தெரியாததுனாலதான் கழட்டுறேன்."

மறுநாள் தொழிற்சாலை லேத்தில் டிரம்மை மட்டும் மாட்டி, இம்மிக் கோணலையும் முள்ளால் காட்டும் டயல் கேஜின் முனையை உள்பக்கம் தொடவிட்டுச் சுற்றினாள். முள் அசையவே இல்லை. அவள் கடைந்தது சுத்தமான வட்டம். மனசு லேசானாலும் அங்கேயே நிறுத்திக்கொள்ளவில்லை. டிரம்மை ஹப்போடு சேர்த்து முடுக்கி மறுபடி சுற்றினாள். முள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊசலாடியது. தனியாக இருந்தால் வட்டம், காரில் உட்கார்ந்தால் கோணல்.

ஹப்பின் முகத்தை விரலால் தடவினாள். பெயின்ட்டுக்குக் கீழே ஒரு ஓரத்தில் நகம் தட்டியது. சுரண்டினாள். பல வருஷத்துத் துரு பொறுக்குத் தட்டி, அதன்மேல் யாரோ பெயின்ட் அடித்து மூடியிருந்தார்கள். டிரம் அந்தப் பொறுக்கின்மேல் சாய்ந்தபடியேதான் இத்தனை நாள் சுற்றியிருக்கிறது. அந்தச் சாய்வுக்குக் கொஞ்சம் பழகித் தேய்ந்திருந்ததை அவள் கடைந்து எடுத்ததால்தான் உதறல் கூடியிருக்கிறது.

இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தாள். அப்போதும் முள் ஒரு இழை ஆடியது. அதையும் விட மனசில்லாமல் ஹப்பையும் டிரம்மையும் ஒன்றாகவே லேத்தில் வைத்து, உள்பக்கத்தை மெல்லிசாக ஒரு சீவு சீவினாள். பிரித்தாலும் ஜோடி மாறக்கூடாது என்று இரண்டிலும் நேருக்கு நேர் புள்ளி குத்தி வைத்தாள். அடுத்த சக்கரத்துக்கும் அப்படியே செய்தாள்.

வாசலுக்கு வந்தும் வேலை முடியவில்லை. அடுத்த லீவு நாளில் டிரம்மின் உள்ளே சாக்பீஸைப் பூசி ஷூவை வைத்து உரசிப் பார்த்தாள். வெள்ளை இரண்டு நுனியில் மட்டும்தான் ஒட்டியது; நடுவில் ஷூ டிரம்மைத் தொடவே இல்லை. மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொண்டு, ஷூவை உப்புத்தாளில் தேய்ப்பதும் மறுபடி வைத்துப் பார்ப்பதுமாக மத்தியானம் கழிந்தது. புருஷன் இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு, மூன்றாவது தடவை தட்டையே வாசலுக்குக் கொண்டுவந்தான். ஷூ முழுக்க வெள்ளை படிந்த பிறகுதான் கையைக் கழுவினாள். சாப்பிட்டு வந்து சாக்பீஸைத் துடைத்தெடுத்து எல்லாவற்றையும் மாட்டினாள். நட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினாள்.

"ஒரேயடியா இறுக்கினா என்ன?" என்றார் மாமியார்.

"ஒரு பக்கமா இழுத்துக்கும் அத்தை. மறுபடி கோணும்."

மாமியார் தலையை ஆட்டினார்.

மேட்டுத் தெருவின் உச்சியிலிருந்து கார் இறங்கியது. பாதி இறக்கத்தில் அவள் பெடலை மிதித்தாள். ஸ்டியரிங் கைக்குள் சும்மா இருந்தது. கண்ணாடிகள் வாயைத் திறக்கவில்லை. கார் வேகம் குறைந்து, குறைந்து, நின்றது.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார் மாமியார்.

"பிரேக் போட்டேன் அத்தை."

பின் கதவு திறந்தது. மாமியார் முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கி, முன்பக்கம் சுற்றி வந்து, ஓட்டுநர் கதவைத் திறந்தார். "தள்ளி உக்காரு, லேத்து."

"கால் வலிக்குமே."

"வலிக்கட்டும். கீழ வரைக்கும்தானே."

அவள் நகர்ந்து உட்கார்ந்தாள். மாமியார் இறக்கம் முடிவதற்குள் நாலு இடத்தில் காரை நிறுத்தி நிறுத்தி எடுத்தார். ஒவ்வொரு தடவையும் மருமகளை ஒரு பார்வை பார்த்தார். கீழே வந்ததும் நேராக மெக்கானிக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தி ஹாரன் அடித்தார்.

"ஏறி ஒரு சுத்து ஓட்டிப் பாருப்பா" என்றார். "எங்க வீட்டுப் பொண்ணு சரி பண்ணினது."