மூடு கட்சிக் காளியாயி

இலங்கையில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்த காளியாயிக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. மாசி மாதக் காமன் கூத்தில், கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்து, டேப்புப் பறையைத் தட்டி லாவணி பாட வேண்டும். தேயிலைச் செடி நெரையில் அவளோடு நிற்கும் பெண்களைக் கேட்டால் தெரியும், யார் எதைச் சொன்னாலும் பாட்டாலேயே திருப்பிக் கொடுப்பாள். ஆனால் டேப்பு இருந்தது அவள் புருஷன் அழகுமுத்துவின் கையில். கோயில் தலைவர் முத்துலிங்கத்திடம் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தாள். "பொம்பளைக்கு லாவணி எதுக்கு?" என்று வாயை அடைத்துவிட்டார். அடைபடுகிற வாயா அது!

லாவணி என்றால் பாட்டு வழக்கு. சிவன் கண் திறந்ததில் மன்மதன் எரிந்தானா இல்லையா என்று எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் கேள்வி போடும். பதில் பாட முடியாதவர் டேப்பைக் கீழே வைத்துவிட வேண்டும். எண்பத்தேழாம் ஆண்டு இளவட்டங்கள் முறுக்கிக்கொண்டார்கள். எரிந்தானா, எரியலையா என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டதாம். முந்திய வருஷம் ரஷ்யாவில் அணு உலை வெடித்ததிலிருந்து ரேடியோவில் இதே பேச்சு: கரண்டு எடுக்கும் அணு உலைகளை உலகம் மூடிவிட வேண்டுமா, வைத்துக்கொள்ள வேண்டுமா? அதையே வழக்காகப் போடச் சொன்னார்கள். மூடு கட்சிக்கு அழகுமுத்து, மூடாத கட்சிக்கு ராகலைச் சின்னத்தம்பி. நாட்டில் ஒரு அணு உலையும் கிடையாது, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கரண்டும் கிடையாது. அதற்காக விட்டுவிடுவார்களா நம் சனங்கள்!

பனியில் நின்று கத்திக் கத்திப் பழகியதில் அழகுமுத்துவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கூத்து நாளான ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாயைத் திறந்தால் வெறும் காற்றுத்தான் வந்தது. ராகலைக்காரர்களோ பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டார்கள். முத்துலிங்கம் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

"நான் பாடுறேங்க" என்றாள் காளியாயி.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். வேறு ஆளும் இல்லை. "சரி, ஒக்காரு. ஆனா தோத்தியானா, சாகுற வரைக்கும் லாவணின்னு என்கிட்ட வரப்பிடாது. சம்மதமா?"

"சம்மதங்க" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. டேப்பை நீட்டிய அழகுமுத்து, இல்லாத குரலில், "பயப்படாத புள்ள, நெரையில நிக்கிறதா நெனச்சுக்க" என்றான்.

சின்னத்தம்பி சாமானியப்பட்ட ஆளில்லை. எதிரே பெண் உட்கார்ந்ததைப் பார்த்துச் சிரித்தான். முதல் கேள்வியிலேயே ஆளைச் சாய்த்துவிடும் எண்ணம் அவனுக்கு.

"உலையை மூடச் சொல்ல வந்த தங்கச்சி — மூடி
ஊரெல்லாம் இருளாப் போனா என்னாச்சி?"

ராகலைக்காரர்கள் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலில்தான் காளியாயிக்குப் பயம் போனது. என்ன கேட்டோம் என்று அவனுக்கே தெரியவில்லையே! ராகலையில் அவன் குடியிருப்பதும் இதே மாதிரி லயத்தில்தானே? குரலை மலைக்கு எட்டும்படி எடுத்தாள்.

"இருட்டைக் காட்டி மிரட்டுறீங்க அண்ணாச்சி — நாங்க
இருட்டுக்குள்ளே பொறந்து வளந்து நாளாச்சி!
ஆத்துத் தண்ணி கரண்டாகிக் கொழும்பு போச்சி — எங்க
லயத்துக்கெல்லாம் குப்பி லாம்பே கதியாச்சி!"

கிளம்பிய விசிலும் கூச்சலும் அடங்கவே இல்லை. ராகலைக்காரர்களும் கை தட்டினார்கள். அவர்கள் வீட்டிலும் அதே குப்பி லாம்புதான். சின்னத்தம்பியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனாலும் விடவில்லை.

"எரிஞ்ச மன்மதன் எழுந்து வந்தான் மூணாம் நாளு — அது போல
எரிஞ்ச உலையும் எழும்பும் அம்மா, சொன்னாக் கேளு!"

இதுதான் கெட்டிக்காரக் கேள்வி. எரிந்த காமன் மூன்றாம் நாள் எழுவதை யார் மறுப்பது? கூட்டம் காளியாயியைப் பார்த்தது. அவளுக்கோ லயத்துக்குப் பின்னால் கட்டியிருக்கும் தன் பசுமாடு ஞாபகம் வந்தது. வெடிப்புக்குப் பிறகு அந்தப் பக்கத்து நாடுகளில் கறந்த பாலைக் கீழே கொட்டினார்கள் என்று ரேடியோவில் சொன்ன அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பாலைக் கொட்டுவதாவது! அந்த வயிற்றெரிச்சல்தான் பாட்டாக வந்தது.

"ரதி அழுதா, சிவன் எரங்கி உசுரு தந்தாரு — அந்த
ரஷ்ய மண்ணில் தாய் அழுதா எவரு வந்தாரு?
கறந்த பாலைத் தரையில் ஊத்தச் சொன்னாரு — அந்தப்
பச்சப் புள்ள பசிக்கு என்ன தந்தாரு?"

பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். சின்னத்தம்பி டேப்பில் விரலை வைத்தான், எடுத்தான், மறுபடியும் வைத்தான். அப்புறம் டேப்பைத் தூக்கி அவள் காலடியில் வைத்தான்.

"இதுக்கு என்கிட்டப் பதில் இல்ல தங்கச்சி. நீ ஜெயிச்சிட்ட."

அவளைத் தோளில் தூக்காத குறையாக லயத்துக்குக் கொண்டு வந்தார்கள். முத்துலிங்கம் மட்டும் அந்தக் கூட்டத்தில் சேராமல் தனியே வீட்டுக்கு நடந்தார். எத்தனை நாள் ஒதுங்கியிருப்பார்? அடுத்த மாசி பிறந்ததும் வெற்றிலைத் தட்டோடு அவர்கள் லயத்துக் காம்பராவுக்கு வந்து நின்றார். லாவணிக்காரரை அப்படித்தான் அழைப்பது வழக்கம். தொண்டை தேறியிருந்த அழகுமுத்து, பழக்க தோஷத்தில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினான்.

முத்துலிங்கம் தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஒனக்கில்லப்பா. ஒன் பொஞ்சாதியக் கூப்புடு."