மழை ஊறிய கரையில் நின்ற தென்னை

என் கணவர் மஸ்கட்டில் டிரைவர். விடுப்பில் வந்தபோது, முன்பக்கம் கம்பியைச் சுற்றி வண்டியை இழுக்கும் விஞ்ச் பொருத்திய பழைய ஜீப் ஒன்று வாங்கினார். ஐப்பசி மழையில் அது ஒரத்தநாடு பக்கம் எங்கள் வயலோரச் சேற்றில் இறங்கிவிட்டது.

“டிராக்டரைக் கூப்பிடலாமாண்ணே?” என்று கேட்டான் என் கொழுந்தன் செல்வம்.

இவர் சிரித்தார். “பாலைவனத்துல கம்பியைக் கட்ட ஒரு மரம் கிடைக்காதுடா. ஸ்டெப்னியைப் புதைச்சு, அதுல கட்டி இழுப்போம். இங்க இத்தனை மரம் நிக்குது, டிராக்டர் எதுக்கு?”

வாய்க்கால் கரைத் தென்னையில் கம்பியைக் கட்டினார்கள். விஞ்ச் சுற்றியது. ஜீப் அசையவில்லை. ஊறிப்போன கரையைப் பெயர்த்துக்கொண்டு மரம்தான் சாய்ந்தது. கம்பியருகே நின்ற செல்வம் விலகுவதற்குள் அவன் மேலேயே விழுந்தது. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

இப்போது யார் வண்டி மாட்டினாலும் கரை மரத்தில் கட்ட விடமாட்டேன். ரோட்டில் டிராக்டரை நிறுத்தி இழுக்கச் சொல்வேன். ஆட்களை எட்டி நிற்கச் சொல்லிக் கத்துவேன். எரிச்சல்படுகிறார்கள், படட்டும்.

இவர் மறுபடி மஸ்கட் போனவர், கூப்பிட்டாலும் வருவதில்லை. ஒருநாள் போனில் சொன்னார்: “இங்க கண்ணுக்கு எட்டின வரைக்கும் ஒரு மரம் இல்லை. அதான் இருக்க முடியுது.”