எலும்பில்லாத வாத்து

லண்டன் சீனத் தெருவின் வாத்துக் கடையில் பரிமாறும் அந்தப் பெண் தட்டை வைக்க மாட்டாள், எறிவாள். சிரிக்கவும் மாட்டாள். அவளைக் கண்டாலே எனக்கு எரிச்சல்.

"எங்கட கோழி மாதிரி எலும்போட வெட்டியிருக்கினம்," என்று மென்றுகொண்டே சொன்ன என் கணவருக்குத் திடீரென்று மூச்சு நின்றது. முகம் கறுத்தது.

அவள் ஓடிவந்து அவர் முதுகில் ஓங்கி ஓங்கி அறைந்தாள். எலும்புத் துண்டு மேசையில் விழுந்தது.

"வாயில எலும்பு, பிறகென்ன பேச்சு?" என்று ஆங்கிலத்தில் திட்டினாள்.

"இஞ்சரும், மிச்சத்தைக் கட்டித் தரச் சொல்லும்," என்றார் அவர் என்னிடம். வெட்கம் கெட்ட மனுசன்.

வீட்டில் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு துண்டாகப் பிய்த்து எலும்பு தேடினேன். ஓர் எலும்பும் இல்லை. எல்லாவற்றையும் எடுத்திருக்கிறாள். அந்தப் பெட்டியையும் எறிந்துதான் தந்தாள்.