குழிந்து வாங்கும் தோல்

என் விரல் முட்டிகளில் கட்டி கட்டியாகத் தடித்தபோது, முறுக்கு பிழிந்து பிழிந்து காய்த்துப்போனது என்றுதான் நினைத்தேன். காரைக்குடியில் பலகாரம் போட்டு விற்பவளுக்கு வேறென்ன வரும்? அம்மா அதை மரு என்றாள். அவள் பேச்சுக்காக மாரியம்மன் கோயிலில் உப்பும் மிளகும் கொட்டிவிட்டு வந்தேன். கட்டி அப்படியே இருந்தது.

டாக்டர் சின்னப் பெண். கையைத் தொட்டுப் பார்த்து, ரத்தம் எடுக்கச் சொல்லி, "கெட்ட கொழுப்பு எக்கச்சக்கமா இருக்கும்மா" என்றார். எலும்பும் தோலுமாக இருக்கும் எனக்கா? சுருக்கென்று கோபம் வந்தது.

"நான் சுட்டு விக்கிறவ டாக்டரம்மா, திங்கிறவ இல்ல."

அவர் சிரித்துவிட்டுச் செல்போனில் ஒரு படம் ஓட்டினார். உடம்பில் ஒவ்வொரு செல்லையும் சுற்றி மெல்லிய தோல், அதன்மேல் கொக்கிகள். ரத்தத்தில் போகும் கொழுப்பு உருண்டை கொக்கியில் மாட்டியதும் அந்த இடம் பள்ளமாகிறது. பள்ளம் ஆழமாகி, உருண்டையைச் சுற்றி வாய் கூடி, உள்ளே கழன்று விழுகிறது. மேலே தோல் பழையபடி. கிழிசல் இல்லை, தழும்பு இல்லை. பூரணம் வைத்துக் கொழுக்கட்டை மூடுகிறவள் நான். எத்தனை பக்குவமாக மூடினாலும் ஒன்றிரண்டு வாய் பிளந்துவிடும். "இன்னொரு தடவை போடுங்க" என்று கேட்டு வாங்கிப் பார்த்தேன். இப்படியொரு கைவேலை என் உடம்புக்குள் ஓயாமல் நடக்கிறது என்பதே பெருமையாக இருந்தது.

எனக்கு அந்தக் கொக்கிகளில் பாதி பிறவியிலேயே சரியில்லையாம். உள்ளே போகாத கொழுப்பு விரலிலும் இதயக் குழாயிலும் படிகிறதாம். மாத்திரை எழுதினார். அது ஈரல் செல் தானாகச் செய்யும் கொழுப்பைக் குறைக்கும். கையிருப்பு குறைந்ததும் செல் நல்ல கொக்கிகளைக் கூடுதலாகச் செய்து வெளியே நீட்டும். யாரும் போய்ச் சொல்ல வேண்டாமாம். மெச்சாமல் எப்படி இருப்பது?

அப்புறம் அவர் என் கண்ணில் டார்ச் அடித்தார். கருவிழியைச் சுற்றி வெளிறிய வளையம். "இதுவும் அந்தக் கொழுப்புதான். வீட்டுல வேற யாருக்காவது இப்படி இருக்கா?"

நாற்பதைத் தாண்டாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போன அப்பாவுக்கு அந்த வளையம் இருந்தது. தம்பிக்கும் இருக்கிறது. அது அவன் கண்ணில் தெரிய ஆரம்பித்தபோது, "அவுக கண்ணே வந்துருச்சு" என்று பூரித்துப்போய் அம்மா அவனுக்குச் சுற்றிப் போட்டாள்.

தம்பி லாரி ஓட்டுகிறவன். ஆஸ்பத்திரி என்றாலே ஆகாது. "கல்லைத் தின்னாலும் செரிக்கும், எனக்கென்னக்கா?" என்றான். திட்டினேன், கெஞ்சினேன். கடைசியில் ஒருநாள் சிங்கம்புணரிக்குக் கிளம்பி நின்றவன் முன், வண்டியின் பக்கக் கண்ணாடியைத் திருப்பினேன்.

"பாருடா. அப்பாவைக் கொண்டுபோனது இதுதான்."

அவன் தன் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வண்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டான்.

"இந்தக் கண்ணப் பத்தி அம்மாட்டச் சொல்லிறாதக்கா" என்றான். "ரத்தம் எங்குட்டு எடுக்குறாக?"