பிரதோஷத்தன்று பொரித்த விங்ஸ்

என்னோடு வேலை செய்கிறவர்கள் ஓட்டலில் விங்ஸ் வந்ததும் முதலில் போட்டோ எடுப்பார்கள். சிவந்து மினுங்கும் தட்டை இப்படியும் அப்படியும் திருப்பி வைத்து, வெளிச்சம் பார்த்து, அப்புறம்தான் கை வைப்பார்கள். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு தட்டு கோழியை இவ்வளவு நிதானமாக, ஊருக்கே காட்டிச் சாப்பிட முடிகிறதே, அந்த நிதானத்தைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. எங்கள் வீட்டில் முதன்முதலாக விங்ஸ் செய்த அன்று எங்களுக்குக் குடியிருந்த வீடே போனது. அப்போது எனக்குப் பத்து வயது.

காஞ்சிபுரத்தில் செவிலிமேட்டுப் பக்கம் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பா கம்பெனி பஸ் ஓட்டினார். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். கீழே வீட்டுக்காரர் குடும்பம், கூடத்தில் இரண்டு பட்டுத் தறி. மாடியில் இரண்டு போர்ஷன். ஒன்றில் நாங்கள், மற்றதில் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன் குடும்பம். அந்த வீடு கிடைப்பதற்குள் அம்மாவும் அப்பாவும் தெருத்தெருவாக அலைந்து ஓய்ந்துபோயிருந்தார்கள்.

வீடு பார்க்கப் போன அன்று நானும் கூட இருந்தேன். வீட்டுக்காரர் அப்பாவிடம் சொந்த ஊர் எது என்று கேட்டார். ஓரிக்கைப் பக்கம் என்றார் அப்பா. அங்கே எந்தத் தெரு என்று கேட்டார். அப்பா காது கேட்காதவர் மாதிரி கம்பெனியில் கொடுக்கும் சீருடையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். வீட்டுக்காரம்மா குறுக்கே புகுந்து, கீழே தறியில் பட்டு இருக்கிறது, கவிச்சி வாடை ஆகாது, சைவம் என்றால்தான் வீடு என்றார். அம்மா கண் இமைக்காமல், நாங்கள் சைவம்தான் என்று சொல்லிவிட்டாள். முந்தின நாள்தான் நான் நல்லி எலும்பை உறிஞ்சியிருந்தேன். வாயைத் திறக்கப் போனவளை அம்மா தோளில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

வீட்டுக்காரர் குடும்பம் சிவபக்தி மிகுந்தது. பிரதோஷம் வந்தால் சாயங்காலம் நாலு மணிக்கே வீட்டைப் பூட்டிக்கொண்டு, பக்கத்து போர்ஷன்காரர்களையும் கூட்டிக்கொண்டு எல்லோரும் கோயிலுக்குக் கிளம்பிவிடுவார்கள். ஏழு மணிக்கு முன்னால் திரும்ப மாட்டார்கள். இதை அம்மா இரண்டே மாதத்தில் கண்டுபிடித்தாள். அதன் பிறகு, ஊரெல்லாம் விரதம் இருக்கும் பிரதோஷத்தன்றுதான் எங்கள் வீட்டில் கோழிக் குழம்பு. காலண்டரில் அம்மா பிரதோஷத்தை எல்லாம் வட்டம் போட்டு வைத்திருந்தாள். ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரம்மா பூரித்துப்போய், இந்தக் காலத்தில் இப்படி ஒரு பொம்பளையா என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தார்.

குழம்பு கொதிக்கும்போது ஜன்னல்களைச் சாத்த வேண்டும். கதவு இடுக்கில் ஈரத் துண்டைச் செருக வேண்டும். சாப்பிட்டதும் சாம்பிராணி போட வேண்டும். எலும்புகளை நியூஸ் பேப்பரில் சுற்றி, மூன்று கவர் போட்டு முடிந்து, அப்பா வண்டியில் கொண்டுபோய்ப் பாலாற்றங்கரையில் போட்டுவிட்டு வருவார். தின்ற எலும்பைப் பிணத்தை மறைப்பது மாதிரி மறைத்தோம். பக்கத்து போர்ஷனிலோ ஞாயிற்றுக்கிழமை ஆனால் கதவை விரியத் திறந்துவைத்து மீன் வறுப்பார்கள். அந்த வாசனையில் நாங்கள் கத்தரிக்காய் சாம்பார் சாப்பிடுவோம். பட்டுக்குக் கோழிதான் ஆகாது, மீன் பரவாயில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அப்படி ஒரு பிரதோஷத்தன்று மாமா வந்தார். அம்மாவின் தம்பி. சென்னையில் ஒரு பெரிய ஓட்டல் சமையலறையில் விங்ஸ் பொரிப்பதுதான் அவருக்கு வேலை. அவர் கறிக்கடையில் போய் றெக்கை மட்டும் ஒன்றரைக் கிலோ கேட்டாராம். கடைக்காரர், மீதிக் கோழியை நான் என்ன செய்வது என்று சண்டைக்கு வந்தாராம். அப்பா டூட்டிக்குப் போயிருந்தார்.

கீழே கேட் பூட்டும் சத்தம் கேட்டதுமே மாமா வேலையை ஆரம்பித்தார். றெக்கைகளை மூட்டு மூட்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் துணியால் ஈரம் போகத் துடைத்தார். உப்பும் மிளகும் சோள மாவும் பிரட்டி, முதலில் பாதியை எண்ணெயில் போட்டார். வெந்ததும் எடுத்து ஆறவிட்டு, எண்ணெயை இன்னும் சூடாக்கி இரண்டாம் முறை பொரித்தார். அப்போதுதான் தோல் மொறுமொறுவென்று நிற்குமாம். இன்னொரு அடுப்பில் வெண்ணெய் உருகியது. அதில் நசுக்கிய பூண்டு, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், வினிகர், ஒரு துண்டு வெல்லம். எல்லாம் சேர்ந்து கொதித்துப் பளபளத்ததும் பொரித்ததைக் குண்டானில் கொட்டி, சாஸை ஊற்றி, மூடி போட்டுக் குலுக்கினார். சூடு ஆறுவதற்குள் குலுக்கிவிட வேண்டும், இல்லையென்றால் சாஸ் ஒட்டாது என்று வாத்தியார் மாதிரி விளக்கினார். வெளிநாட்டுக்காரன் எல்லாம் என் கையால் சாப்பிட்டிருக்கிறான் என்று அவருக்கு ஒரே பெருமை. எனக்கு அவரைவிடப் பெருமை.

குழம்பு வாடையை அடக்கிய ஈரத் துண்டால் மிளகாய் நெடியை அடக்க முடியவில்லை. நான் இரண்டாவது றெக்கையைக் கடித்துக்கொண்டிருந்தபோது படியில் இருமல் சத்தம் கேட்டது. வீட்டுக்காரம்மா அபிஷேகத்துக்கு எடுத்துவைத்த பாலை வீட்டிலேயே மறந்துவிட்டு, ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்திருந்தார். அம்மா ஓடிப்போய்க் கதவைப் பாதி திறந்து, அதை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாம்மா இது, ஊடு பூரா நெடி? மூக்க அடைக்குது!"

"காலிஃப்ளவருதான்க்கா. தம்பி வந்துக்கிறான். கோபி மஞ்சூரியன் பண்ணிக்கினு இருக்கிறான்."

அம்மாவின் தோளுக்கு மேலாக அவர் மாமாவைப் பார்த்தார். மாமா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, ஆமாங்கம்மா, காலிஃப்ளவர்தான் என்றார். அதைச் சொல்லும்போது தலை குனிந்திருந்தது. வெளிநாட்டுக்காரனுக்குச் சமைத்துப் போட்ட என் மாமா, வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி நின்றார். மிளகாய் கம்மியாகப் போடச் சொல்லிவிட்டு வீட்டுக்காரம்மா திரும்பி இரண்டு படி இறங்கியும்விட்டார். அப்படியே விட்டிருந்தால் அதோடு போயிருக்கும். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அம்மாவின் இடுப்புக்குக் கீழே புகுந்து வெளியே வந்து, கையில் இருந்ததை நீட்டினேன்.

"காலிஃப்ளவர் இல்ல அத்தை, விங்ஸ்! கோழி றெக்கை. எங்க மாமா செஞ்சது."

அவர் புடவையை வாரிச் சுருட்டிக்கொண்டு ஒரு படி பின்வாங்கினார். என் கையையும் முகத்தையும் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்துத்தான் பேசினார்.

"பிரதோஷமும் அதுவுமா! நீங்க யாருன்னு எங்களுக்குத் தெரியாமயா இருக்குது? சைவம்னு சொன்னீங்களேன்னுதான் உட்டோம். மாசம் முடியறதுக்குள்ள வேற ஊடு பாத்துக்கோங்கம்மா."

அம்மா கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டு நின்றாள். நான்தான் பேசினேன். பக்கத்து போர்ஷனில் வாரா வாரம் மீன் வறுக்கிறார்களே, மீன் வாடை மட்டும் பட்டுக்கு ஆகுமா என்று கேட்டேன். அந்த வயதில் நான் கேட்டதிலேயே சரியான கேள்வி அதுதான். இன்றைக்கும் அதில் ஒரு எழுத்தை மாற்ற மாட்டேன்.

"அவங்களும் நீங்களும் ஒண்ணா?" என்று வீட்டுக்காரம்மா அதையும் அம்மாவிடமே கேட்டார். பிறகு கீழே இறங்கிப் போய், பாலை எடுத்துக்கொண்டு, சாமி கும்பிடப் போய்விட்டார்.

அம்மா என்னை அடிப்பாள் என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டேன். அவள் என்னைத் தாண்டிப் போனாள். சமையலறை ஜன்னலைத் திறந்தாள். கூடத்து ஜன்னல்களை, கொக்கி துருப்பிடித்து எப்போதும் திறக்க வராததைக்கூட, குத்தித் திறந்தாள். ஈரத் துண்டை எடுத்து மூலையில் வீசினாள்.

"மீதியும் பொரிடா. மொளகா இன்னும் அரச்சுப் போடு. தெரு முனை வரைக்கும் அடிக்கட்டும்."

வேணாம்க்கா என்று மாமா சொல்லிப் பார்த்தார். அம்மா அவர் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கித் தானே எண்ணெயில் போட ஆரம்பித்தாள். இரண்டாம் தடவை மாமா குலுக்கிய சாஸ் சிவப்பாக இல்லை, கறுப்பாக இருந்தது. நெடி படியிறங்கித் தறி வரைக்கும் போயிருக்கும். அம்மா வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, எலும்பைக் கடித்து நொறுக்கிச் சாப்பிட்டாள். அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. அந்தக் கோபம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. ஆனால் யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. எங்களிடம் தப்பாக நடந்துகொண்டது வீட்டுக்காரம்மாவா, பொய் சொன்ன அம்மாவா, தலையைக் குனிந்த மாமாவா, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காத நானா? மனதுக்குள் எல்லோருக்கும் ஆளுக்கொரு அடி கொடுத்துப் பார்த்தேன். யாருக்குக் கொடுத்தும் ஆத்திரம் தீரவில்லை.

யோசித்து யோசித்து எனக்கு ஒரு வழி தெரிந்தது. அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏம்மா, அவங்க சொந்தக்காரங்கன்றதாலதான மீன் வறுக்க உடறாங்க? நாமளும் அத்தைக்கு சொந்தமாயிட்டா போதும்ல?"

அம்மாவின் கை ஓங்கியது. ஓங்கிய கை அப்படியே நின்று, மெதுவாக இறங்கியது. மாமா மட்டும் சிரித்தார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க வெகுநேரம் சிரித்தார்.

நியாயமாக ஒன்று கேட்டால் இந்த வீட்டில் பெரியவர்கள் யாரும் ஒழுங்காகப் பதில் சொல்ல மாட்டார்கள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. சொந்தமாவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அத்தையிடமே கேட்டுவிடலாம் என்று முடிவுசெய்தேன். வாடை போக இரண்டு தடவை சோப்பு போட்டுக் கை கழுவினேன். மோந்து பார்த்துவிட்டு மூன்றாம் தடவையும் கழுவினேன். பிறகு படியில் போய் உட்கார்ந்து, அவர்கள் கோயிலிலிருந்து வருவதற்காகக் காத்திருந்தேன்.